சனிக்கிழமைக்கு ஒரு பல் செட்

பெரியவனுக்கு முகத்துக்கு நேரே பொய் சொல்ல வராது. அதனால்தான் இரண்டு மாதமாக அவன் அம்மாவைப் பார்க்க வரவில்லை. கடையில் ஆள் குறைவு, குழந்தைக்குச் சளி, மனைவிக்கு முதுகுவலி என்று வாரத்துக்கு ஒரு காரணம் போனில் வந்தது. உண்மையான காரணம் அவன் வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பின்வாசல் வழியாக வெளியே போன அப்பா.

போன வாரம் சின்னவள் அதைக் கண்ணால் பார்த்தாள். சண்டை போடவில்லை. அண்ணி நீட்டிய தண்ணீரை வாங்காமல் படியிறங்கி வந்துவிட்டாள். அவள் அம்மாவோடுதான் இருக்கிறாள். ஆனாலும் இதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

இன்று புதன்கிழமை. காலை ஒன்பதரைக்கு அவளுடைய மேஜைக்கு ஒரு வாய் வந்து சேர்ந்தது.

அவள் பல் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர் எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் ஈறையும் கீழ் ஈறையும் இரும்புக் கீலில் பொருத்தி வைப்பார்கள். அதில் மெழுகை உருக்கி ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவள் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறாள். யாருடைய முகமும் தெரியாது. வாய் மட்டும்தான் வரும். அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது.

கூட வந்த சீட்டை எடுத்துப் படித்தாள். ஆண், வயது அறுபத்தாறு. மேலும் கீழும் முழு செட். அவசரம், சனிக்கிழமைக்குள்.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. குண்டு குண்டாக, கோடு போட்டது மாதிரி நேராக. 'பழைய போட்டோ இல்லை. முன்பல் எப்படி இருந்தது என்று பல் கட்டுகிறவருக்கே தெரியும்.'

அண்ணி பள்ளிக்கூட டீச்சர். அந்தக் குண்டு எழுத்தைச் சின்னவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள்.

ஊரில் எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். தேடிப்பிடித்து இந்த லேபுக்கு அனுப்புகிற டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அண்ணன் வாய் திறந்து கேட்டிருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அதனால் கேட்கவில்லை. முதலில் செய்துவிட்டு அப்புறம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். அப்பா போனதும் அப்படித்தான், வந்ததும் அப்படித்தான்.

சனிக்கிழமை என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு அவர்கள் பேண்டின் புது ஆல்பத்துக்கு முதல் கச்சேரி. அறுநூறு பேர் உட்காரும் அரங்கம். அதற்குள் அந்த ஆளுக்குப் பல் எதற்கு? மேடையேற்றத்தான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டுக்குப் பெயரே 'பின்வாசல்'. ஒன்பது வருடத்தில் நாலு ஆல்பம். அண்ணன் பாடுவான், கிட்டார் வாசிப்பான். இவள் டிரம்ஸ். பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஒல்லியாக இருப்பான் என்பதால் ஊசி. நாலு ஆல்பத்திலும் ஒரு சிரித்த பாட்டு கிடையாது. போனவன், பூட்டின கதவு, அடுப்பில் வைத்து மறந்த பால், அம்மாவின் முதுகு. ரசிகர்கள் கறுப்புச் சட்டையில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு யாருமே கூப்பிடாத ஒரே பேண்ட் நம்முடையது என்று ஊசி பெருமையாகச் சொல்வான்.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. பாட்டு அவளிடமிருந்து தொடங்கும். அவள் ஏதாவது ஒன்றை அடித்துக்கொண்டே இருப்பாள், ஒரு நாள், இரண்டு நாள். அதைக் கேட்டுக்கேட்டு அண்ணன் வார்த்தை பிடிப்பான். பிறகு மூன்று பேரும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். தனித்தனியாக வாசித்து ஒட்டும் பழக்கம் இல்லை. ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பாட்டு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதமாக அண்ணன் வார்த்தையை முதலில் கொண்டுவர ஆரம்பித்தான். எல்லாம் வெளிச்சம், ஜன்னல், விடியல். பெண் குழந்தை பிறந்த சந்தோஷம், நாலு வாரத்தில் சரியாகிவிடும் என்று இவள் நினைத்தாள். சரியாகவில்லை. மூன்று வாரமாக ஒத்திகைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் மாறியதற்குக் காரணம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது போன வாரம்தான் தெரிந்தது.

மெழுகுக் கத்தியைச் சூடாக்கினாள். கீலைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஈறு நன்றாகத் தேய்ந்திருந்தது. பல் போய் அஞ்சு வருடமாவது இருக்கும். அஞ்சு வருடம் இந்த வாய் என்ன சாப்பிட்டது என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அரை மில்லிமீட்டர் போதும். வலது கடைவாய்ப் பல் ஒன்றை அரை மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தினால் வாயில் போட்டுப் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. டாக்டர் காகிதம் வைத்துக் கடிக்கச் சொன்னால்கூடச் சிலசமயம் தப்பிவிடும். ஒரு வாரத்தில் ஈறு புண்ணாகும். ஒவ்வொரு கவளத்துக்கும் வலிக்கும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. பத்தொன்பது வருடம் அம்மாவுக்கு இருந்தது மாதிரி.

எதிர் மேஜையிலிருந்து லேப் சார் எட்டிப் பார்த்து, அவசர கேஸ் ஆச்சே, ஏன் கத்தியைப் பிடித்துக்கொண்டு தவம் இருக்கிறாய் என்று கேட்டார். ஈறு சரியில்லை சார் என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊசியிடமிருந்து ஒரு ஆடியோ வந்தது. கூடவே ரெண்டு வரி. 'உன் அண்ணன் அனுப்ப வேணாம்னு சொன்னான். ஆனா நீ வெளிய கேக்குறதுக்கு முன்னாடி கேட்டுடு. என்னைத் திட்டாத.'

டிபன் டப்பாவைத் திறக்காமல் இயர்போனை மாட்டினாள். பாட்டின் பெயர் 'வா'. கிட்டார் மெதுவாக ஆரம்பித்தது. அண்ணன் குரல் இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தொண்டையை இறுக்காமல் பாடியது. கதவு திறந்திருக்கு, விளக்கு எரியுது, வா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கே ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் டிரம்ஸ் வந்தது.

யார் வாசித்தது? மூன்று வாரமாக அவள் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. வேற ஆளைப் பிடித்துவிட்டானா என்று முதலில் நினைத்தாள். இது தெரிந்த கை.

இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியில் அந்த அடி வந்தது. கொஞ்சம் பிந்தி, மரத்தில் எலும்பு மோதுவது மாதிரி, டொக்.

ஆறு வருடத்துக்கு முன்னால் 'செருப்பு' பாட்டைப் பதிவு செய்த நாளில் கடைசிச் சரணத்தில் அவள் ஸ்டிக் முறிந்தது. நிறுத்தினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். முறிந்த துண்டோடு அடித்தாள். ஒரு அடி விரல் முட்டியால் விழுந்தது. ரத்தம் வந்தது. அந்த அடியை அப்படியே விட்டார்கள். பின்வாசலின் எல்லாப் பாட்டிலும் ஜனங்களுக்கு அதிகம் தெரிந்த அடி அதுதான். அப்பா போன மறுநாள் காலையில் பின்வாசலில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்ததைப் பற்றிய பாட்டு. செருப்பை இங்கே விட்டான், பாதையைக் கூடக் கொண்டு போனான்.

அந்தப் பாட்டின் டிரம்ஸை அண்ணன் அப்படியே வெட்டி எடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, 'வா'வுக்கு அடியில் போட்டிருந்தான். அவள் எந்தக் கையால் அந்த ஆளைச் சபித்தாளோ அதே கை இப்போது அவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

லேப் சாரிடம் சாயங்காலம் வரை அனுமதி கேட்டாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றார். மெழுகுப் புகை என்றாள். அவரும் முப்பது வருடமாக அதே புகையில் இருப்பவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

பெரியவன் மெத்தைக் கடையில் சேல்ஸ்மேன். ராத்தூக்கம் இல்லாத பாட்டாக எழுதுகிறவன் பகலில் நிம்மதியான தூக்கம் விற்கிறான் என்று அவள் கேலி செய்ததுண்டு. கடைக்குப் பின்னால் உள்ள கிடங்குதான் ஒத்திகை அறை. சுவரெல்லாம் மெத்தை சாய்த்திருப்பதால் சத்தம் வெளியே போகாது.

அவள் உள்ளே போனபோது அண்ணன் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். மூன்று மெத்தை அடுக்கின்மேல் கால் தரையில் படாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. ஒரு கணம் அவளுக்கு முகம் தெரியவில்லை, காலையில் பார்த்த பிளாஸ்டர்தான் தெரிந்தது.

"ஊசி அனுப்பிட்டானா?" என்றான் அண்ணன்.

"செருப்புப் பாட்ட எடுத்து ஒட்டியிருக்க."

"நீ வரல சின்னு. மூணு வாரம் கூப்பிட்டேன். நான் என்ன பண்ணட்டும்?"

"வரலன்னா வாசிக்க இஷ்டமில்லன்னு அர்த்தம். இதுல புரியாத மாதிரி என்ன இருக்கு?"

அவன் கிட்டாரைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தாமல் பேசினான். தினமும் சாயங்காலம் இங்கே நின்று அப்பாவைத் திட்டிப் பாடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூங்க வைக்க முடியவில்லை என்றான். தாலாட்டு வாயில் வருவதில்லை, வந்தாலும் செருப்புப் பாட்டு ராகத்தில் வருகிறது என்றான். இன்னும் எத்தனை வருடம் ஒரே புண்ணைச் சொறிந்து காட்டிக் கைதட்டு வாங்குவது என்று கேட்டான். அதில் பொய் எதுவும் இல்லை. அவனுக்குத்தான் பொய் வராதே.

"நீ மன்னிக்கிறதுன்னா மன்னிச்சுக்கோ," என்றாள் அவள். "உன் வாய், உன் கிட்டார். என் கைய வெட்டி எடுத்து அதுல ஏன் சேத்த?"

"வேற யாரையாவது வாசிக்க வெச்சிருந்தா உனக்கு அதவிடக் கோவம் வந்திருக்கும்."

"ஆமா, வந்திருக்கும். அதுக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் முன்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஒரு புதுமணத் தம்பதி, ஆறுக்கு ஆறு மெத்தை வேண்டுமாம். முதலாளி இல்லாத நேரம். பெரியவன் அவளையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். போகும்போதே குரல் மாறிவிட்டது. வாங்க சார், படுத்துப் பாருங்க மேடம்.

கிடங்கில் அவளும் அப்பாவும் மட்டும்.

போன வாரம் அவர் வாயே திறக்கவில்லை. இன்று அவர்தான் முதலில் பேசினார். பல் இல்லாத வாயிலிருந்து காற்றோடு கலந்து வந்தது. மற்றவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் பதினொரு வருடமாக அப்படிப்பட்ட வாய்களோடு இருப்பவள்.

"அந்தச் செருப்பு, ஒண்ணுல வார் அறுந்துபோச்சு பாப்பா. அதான் விட்டுட்டுப் போனேன். நீங்க அத வெச்சு என்னென்னமோ பாடிட்டீங்க."

ஆறு வருடமாக ஜனங்கள் அழுத பாட்டு. அறுந்த வார்.

நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாராம். ஒரு காலேஜ் பையன் போனில் போட்டுக் காட்டித்தான் முதல் பாட்டைக் கேட்டாராம். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு நாலு ஆல்பமும் பாடம். கடையை மூடிவிட்டுக் கேட்பாராம். தன்னைப் பற்றி இத்தனை பாட்டு இருக்கிற ஆள் அந்தத் தெருவிலேயே வேறு யாரும் இல்லை என்று சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை.

"புதுசு எப்படி இருக்கு?" என்று அவளே கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். முன்னால் பெரியவன் பஞ்சின் அடர்த்தியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட சொல்லாத. பழசுதான் நல்லாருக்கு. அதுல நான் இருந்தேன். இதுல யாருமில்ல. மெத்தை விளம்பரம் மாதிரி இருக்கு."

அவள் காலையிலிருந்து வார்த்தை கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அதைப் போய் இந்த ஆள் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. அண்ணன் இந்த மனுஷனுக்காகத் தன் குரலையே மாற்றிக்கொண்டிருக்கிறான். அவருக்கு அது தேவையில்லை. அவருக்கு வேண்டியது திட்டாக இருந்தாலும் தன்னைப் பற்றிய பாட்டு.

"இத அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சாப்பாடு போடுறான்," என்றார் அப்பா.

பெரியவன் வியாபாரத்தை முடித்துவிட்டு வந்தான். முகத்தில் இன்னும் கடைச் சிரிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நிஜச் சிரிப்பாக மாறியது. பார்க்கச் சகிக்கவில்லை.

"பேசிட்டீங்களா?"

"பேசினோம்," என்றாள். "பழைய டிரம்ஸ எடுத்துடு. ஒரு அடிகூட இருக்கக் கூடாது. சனிக்கிழமை நானே வந்து வாசிக்கிறேன்."

"நெஜமாவா?"

"ஆனா ஒண்ணு. நீ இவர மேடையில ஏத்தப்போறன்னு தெரியும்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அதுதான் அவனுடைய ஆமாம்.

"ஏத்து. வெறுமனே கும்பிட்டுட்டுப் போகச் சொல்லாத. 'வா' முடிஞ்சதும் மைக்க அவர்கிட்ட குடு. இப்ப என்கிட்ட சொன்னத அங்க சொல்லட்டும்."

"என்ன சொன்னார்?" அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மெத்தைமேல் இருந்த பிளாஸ்டிக் உறையை நீவிக்கொண்டிருந்தார். "அப்பா, என்ன சொன்னீங்க?"

"இப்ப கேட்டா புரியாது," என்றாள் சின்னவள். "பல்லு வரட்டும். தெளிவா கேக்கும்."

ஐந்தரைக்கு லேபுக்குத் திரும்பினாள். லேப் சார் கிளம்பிவிட்டிருந்தார். சீட்டின்மேல் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: நாளை பத்து மணிக்கு நோயாளி டாக்டரிடம் வந்து மெழுகில் போட்டுப் பார்க்கிறார், முன்பல்லாவது நிறுத்திவிடு.

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். கடைவாய்ப் பற்களை அளந்து அளந்து சரியாக நிறுத்தினாள். அரை மில்லிமீட்டர் எங்கேயும் தூக்கவில்லை. இந்த வாய் சனிக்கிழமை 'பழசுதான் நல்லாருக்கு' என்ற வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இதைவிடக் கவனமாக அவள் யாருக்கும் பல் கட்டியதில்லை.

முன்பல்லுக்கு வந்தபோது கை நின்றது. நடுவில் ஒரு இடைவெளி இருந்த ஞாபகம். அதன் வழியாகச் சீழ்க்கை அடிப்பார். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஞாபகத்தை நம்ப முடியவில்லை. இடைவெளி வைக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வேலையென்று வந்தால் அவளால் அப்படி விட முடியாது.

போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம். அப்பாவுக்கு முன்பல்லு நடுவுல இடைவெளி இருந்துச்சா?"

டி.வி. சத்தம் நின்றது.

பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் அப்பா என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. பாட்டில் மட்டும்தான். அந்தப் பாட்டையும் அம்மா கேட்டதில்லை. ஒரு கச்சேரிக்குக்கூட வந்ததில்லை. எதற்கு இப்போது என்று கேட்பாள் என்று சின்னவள் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள்.

அம்மா கேட்கவில்லை.

"இருந்துச்சு," என்றாள். "ஒரு அரிசி நுழையற அளவு. இடது பக்கத்துப் பல்லு லேசா முன்னால ஏறியிருக்கும். சிரிச்சா அதுதான் முதல்ல தெரியும்."

சின்னவள் கத்தி முனையால் மெழுகில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

"சரிம்மா. வெக்கிறேன்."

"இரு," என்றாள் அம்மா. ஒரு பெருமூச்சோ கோபமோ எதுவும் அந்தக் குரலில் இல்லை. பஸ் நேரம் விசாரிப்பது மாதிரி இருந்தது. "சனிக்கிழமை கச்சேரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?"